சாய்ந்தே நிற்க வேண்டிய தகடு

நாகலாபுரம்,
தை மாதம், 2009

அன்பு மருமகள் முத்துசெல்விக்கு,

இந்தக் கரிசல் சீமையின் ஆட்டு மந்தைகளுக்கெல்லாம் ஏகச் சக்கரவர்த்தியான உன் மாமன் மாயகிருஷ்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை சொர்ணத்தாயும் உன் அம்மாவும் ஆடுகளும் சுகமாக இருக்கிறோம், என் குறுக்குவலி மட்டும் என்னைவிடத் திடகாத்திரமாக இருக்கிறது. ஜெர்மனியின் பனியில் நீயும் நலமாக இருக்க வேண்டும், காதுக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. இப்போது வலது கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்கிறேன், இனி நான் சொல்லப்போவதை விளாத்திகுளம் தாலுகாவில் ஒரு ஜீவன்கூட நம்பாது, நீயும் நம்ப மாட்டாய், எழுதுகிற எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததிலிருந்து உன் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. நம் புஞ்சையில் உன் ஆட்கள் வந்து நட்டுவிட்டுப் போன இரண்டு அலுமினியச் சாமான்களில் ஒன்று செயற்கைக்கோள் படத்தில் தப்பாகத் தெரிகிறது, சாய்த்து வைத்த தகடு நேராக நிற்பதுபோல விழுந்திருக்கிறது, கணக்குப் போட்டதில் நீதான் குளறிவிட்டாய் என்று உன் சார் சொல்கிறார் என்றாய். படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் மாமா என்று வேறு சொல்லிவிட்டாய். போன் கட்டானதும் உன் அம்மா செண்பகவல்லி என்னைப் பிடித்துக்கொண்டாள், என் பிள்ளை இத்தனை வருஷம் கண் முழிச்சுப் படிச்சதெல்லாம் ஒரு தகரத்துக்காகப் போகுதா, அப்படி என்னதாம்ல தப்பு, சொல்லுலே என்று.

நீ எனக்குச் சொன்னதை நான் அவளுக்கு ஆட்டுக் கயிற்றை வைத்து விளக்கினேன். கயிற்றின் ஒரு நுனியை முளையில் கட்டி மறு நுனியை மேலும் கீழுமாக உதறினால் அலை நின்றபடி ஓடும், பக்கவாட்டில் உதறினால் படுத்தபடி ஓடும். செயற்கைக்கோளும் மேலேயிருந்து ரேடியோ அலையை இப்படி இரண்டு தினுசாகவும் அனுப்புகிறது, அதற்குச் சூரியன் வேண்டாம், ஐப்பசி மேகமும் மறைக்காது. போன அலை எப்படித் திரும்புகிறது என்று கவனிப்பதுதான் அதன் வேலை. உழுது போட்ட வெறும் தரையில் பட்டால் போனபடியே திரும்பும், தரையில் பட்டுச் சுவரில் மோதினால் இரண்டு குதி குதித்து வேறு மாதிரி திரும்பும், சீமைக்கருவேல முள்ளுக்குள் புகுந்தால் கிளைக்குக் கிளை முட்டி நின்றதா படுத்ததா என்பதே மறந்துபோய்த் திரும்பும். அதை வைத்துத்தான் பிள்ளை தரைக்கு நீலம், சுவருக்குச் சிவப்பு, முள்ளுக்குப் பச்சை என்று வர்ணம் அடிக்கிறாள் என்றேன். உன் அம்மாவுக்குப் பகீரென்றது, அப்பம் வீட்டுக்குள்ள நான் நிக்கேனா படுத்திருக்கேனான்னும் அதுக்குத் தெரியுமாக்கும் என்றாள். தெரியும், நீ படுத்தேதான் கெடக்கன்னு அது ஜெர்மனிக்கு எழுதிப் போட்டுட்டுது என்றேன், கயிற்றாலேயே ஒரு அடி விழுந்தது. கோளின் பேச்சு மெய்யா பொய்யா என்று சோதிக்கத்தான் அந்த இரண்டு சாமான்களும். மூன்று தகடு மூலையாகச் சேர்ந்தது, வந்த அலையை வந்தபடியே அனுப்பும். விரித்த புத்தகம்போல இரண்டு தகடு சேர்ந்தது பாதி சாய்ந்து நின்றால்தான் படுத்து வந்ததை எழுப்பியும் நின்று வந்ததைப் படுக்கவைத்தும் அனுப்பும், சாய்வு போனால் அந்த வித்தையும் போயிற்று.

மறுநாள் விடிந்ததும் புஞ்சைக்குப் புறப்பட்டேன். அடித்ததம்மா ஒரு பேய்க்காற்று, நம் ஆடுகள் ஏழு பட்டம்போலப் பறந்து ஓட்டப்பிடாரத்துப் பக்கம் இறங்கின. மார்கழி மழையின் ஈரம் காயாத கரிசலில் வலது காலை வைத்தேன், இடுப்பு வரை போனது, இடது காலை வைத்தேன், ஆளே உள்ளே போய்விட்டேன், மூச்சுப் பிடித்து எழுந்து பார்த்தால் எப்போதும்வென்றான் ஊருக்குள் முளைத்திருக்கிறேன். அங்கிருந்து பஸ் பிடித்துத் திரும்பி வந்து தகட்டைப் பார்த்தேன் முத்து. தகடு நேராக நிற்கிறது! கொத்தனாரின் தூக்குக்குண்டை வாங்கி வந்து விட்டுப் பார்த்தேன், மயிரிழைகூட விலகவில்லை. தினமும் வரப்பில் நின்று காவல் காத்தவன் நான், இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை, நேராக நிற்கிற பொருளை யாரம்மா சந்தேகப்படுவார்கள். பத்தடி தூரத்தில் நின்ற எனக்குத் தெரியாதது மேகத்துக்கு மேலே ஓடுகிற ஒன்றுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தபோது வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு விசாரணையைத் தொடங்கினேன். முதலில் நம் கொம்புக் கிடாவைப் பிடித்தேன், பளபளப்பில் தன் மூஞ்சியையே பார்த்து எதிராளி என்று முட்டியிருப்பான் என்று சந்தேகம். மாமா, நான் முட்டுனா சாயுமா, நிமிருமா என்று கிடா என்னையே திருப்பிக் கேட்டான், பிடியை விட்டுவிட்டேன். அந்த நேரம் பக்கத்துப் புஞ்சை மதலேனம்மாள் அக்கா களைக்கொத்தோடு வந்தாள். என்ன தம்பி அப்படிப் பாக்கிய, நான்தான் நிமித்தி வச்சேன், பொம்பளப் பிள்ளை படிப்புக்கு அனுப்புன சாமான் காத்துல சாஞ்சு கெடக்கு, ஆம்பளை நீங்க பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கியளே, கல்லறைத் திருநாளுக்குப் பூப் போட்டுட்டு வரும்போது மனசு கேக்கல, டிராக்டர் ஓட்டுத கண்ணபிரானைக் கூப்பிட்டு ஸ்பானர் போட்டு நேரா முறுக்கச் சொன்னேன் என்றாள். கோள் நம் தலைக்கு மேல் போனது அதற்கப்புறம், கார்த்திகையில். பிள்ளைக்குப் படம் நல்லா விழுந்துச்சா தம்பி என்று கேட்டாள், அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்ல, அமோகமா விழுந்திருக்கு அக்கா என்றேன்.

என்ன நடந்தது என்று உன் சார் எழுத்தில் கேட்டிருக்கிறார் என்பதால்தான் போனில் சொல்லாமல் இதை எழுதுகிறேன். அடுத்த தடவை கோள் வருவதற்குள் நான் தகட்டைச் சாய்த்துவிடுவேன், அக்கா மறுபடியும் நிமிர்த்திவிடுவாள், அதனால் அவள் மனசு நோகாதபடி ஒரு வரி நீயே அவளுக்கு எழுதிப் போடு, மறந்துவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, அழுதுகொண்டு படுக்காதே, உன் அம்மாவுக்கு வாரம் ஒரு தடவையாவது பேசு. எடுத்த காரியம் ஜெயித்து, நோய் நொடி இல்லாமல், நாங்கள் எல்லாரும் அண்ணாந்து பார்க்கும்படி நீ வாழ வேண்டும்.

இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் உன் சாருக்கு மொழிபெயர்த்துக் கொடு, ஆட்டுச் சங்கதி அவருக்கு வேண்டாம். காற்று பொய், நான் மண்ணுக்குள் போய் முளைத்தது பொய், கிடா பேசியது பாதிப் பொய். படம் எடுத்த அன்றைக்குத் தகடு நேராகத்தான் நின்றது, அந்தச் சின்னத் துண்டு மட்டும் நிஜம். நீ போட்ட கணக்கு சரி, தாயி.

இப்படிக்கு,
உன் மாமன்
மாயகிருஷ்ணன்

சாட்சி: ஸ்பானர் பிடித்த கண்ணபிரான்