மணலைக் கல்லாக்க வந்தவள்

செப்டம்பர் 14
பட்ராஸ் நகரத்திலிருந்து படித்தவள் ஒருத்தி வந்திருக்கிறாள். பெயர் எவாந்தியா. மணலில் கிருமிக் கரைசலை ஊற்றிக் கல்லாக்கி, கடல் அரிப்பைத் தடுக்கப் போகிறாளாம். என் சாப்பாட்டுக் கடை முற்றத்துக்கும் அலைக்கும் நடுவே எட்டு மீட்டர்தான் மிச்சம். அதைக் காப்பாற்றக் கிருமிதான் வர வேண்டுமா? பக்கத்துக் காப்பிக்கடை திராசோஸ் அவளுக்கு ஜால்ரா அடிக்கிறான். அவன் யாருக்குத்தான் அடிக்கவில்லை?

செப்டம்பர் 22
அவள் ஊற்றிய கரைசலால் கரை முழுக்க மூத்திர நாற்றம். சாப்பிட வந்த இரண்டு குடும்பம் எழுந்து போய்விட்டது. விஞ்ஞானமாம்!

அக்டோபர் 9
மணல் கெட்டியாகத்தான் ஆகியிருக்கிறது. குதிகாலால் உதைத்தேன், வலித்தது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைமேல் ஏறிவிடுவாள்.

"புளிப்பு மட்டும் படக்கூடாதுண்ணே. வினிகர், எலுமிச்சைன்னு எது பட்டாலும் கரைஞ்சிடும்," என்றாள்.

"ஏம்மா, கடற்கரையில எவன் சாலட் பண்றான்?"

திராசோஸ்கூடச் சிரித்துவிட்டான்.

நவம்பர் 18
கடைக்குப் பின்னாலிருக்கும் என் ஆலிவ் எண்ணெய் ஆலை ஓட ஆரம்பித்துவிட்டது. ஆலிவ் இந்த வருடம் நல்ல காய்ப்பு. கழிவான கறுப்புத் தண்ணீரை வழக்கம்போல ஓடையில் திறந்துவிட்டேன். முற்றத்தை ஒட்டித்தான் அது கடலுக்குப் போகிறது.

"ஏங்க, அந்தப் பொண்ணு சொன்னாளே?" என்றாள் பொலிக்ஸெனி. கட்டியவளுக்கும் மூளை மழுங்கிவிட்டது. அந்தப் பெண் சொன்னது புளிப்பு. இது கசப்பு. ஆலையிலேயே பிறந்து வளர்ந்தவன் நாக்குக்குத் தெரியாதா?

டிசம்பர் 20
புயல்.

டிசம்பர் 21
முற்றம் போய்விட்டது. மேசை, நாற்காலி, திராட்சைப் பந்தல் — எல்லாம். திராசோஸின் கடை மட்டும் குத்துக்கல்லாக நிற்கிறது! "என் பக்கம் மட்டும் வெறும் தண்ணிய ஊத்திட்டுப் போனியா?" என்று ஊர் கேட்கக் கத்தினேன். எவாந்தியா அழுதாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜனவரி 4
எவாந்தியா, புளிப்பு பட்டால் சிவக்கும் தாள் ஒன்றை ஓடைத் தண்ணீரில் நனைத்தாள். சிவந்தது. "நாக்குக்குக் கசக்கும்ண்ணே. ஆனா உள்ள இருக்கிறது புளிப்புதான்."

"மழைத் தண்ணிம்மா அது," என்றேன். சீ, என்ன வாய் எனக்கு.

ஜனவரி 11
ஊர்க்கூட்டம். வேலை தோற்றது என்று தலைவர் எழுதப் போனார். எழுதினால் பணம் நின்றுவிடும், அடுத்த வருடம் யார் கரையிலும் கரைசல் ஊற்ற மாட்டார்கள்; திராசோஸின் கடையும் போகும். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பெண் மட்டும் பார்க்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"என் ஆலைத் தண்ணிதான்," என்றேன்.

வெளியே வந்ததும் திராசோஸ், "வாய்யா, காப்பி குடி," என்றான். பதினைந்து வருடத்தில் முதல்முறையாக அவன் கடையில் உட்கார்ந்தேன். மட்டமான காப்பி. இரண்டு குடித்தேன்.