டயருக்குள் கிராம்பு வாசம்

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் மலைப்பாதைக்குத் தனியாகத்தான் போனேன். என் சைக்கிள் பந்தய ஜோடி குருவிக்கு இன்னும் முட்டி வலியாம். ஜோடிப் பந்தயம் நெருங்கிவிட்டது. ஜோடியில் பாதி ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. "நீ போடி, நான் வந்துடுவேன்" என்றாள். போன வருடம் மயிரிழையில் பரிசு மேடை தவறியது. இந்தத் தடவை ஏறியே தீர வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

தம்பியையாவது கூட வரச் சொன்னேன். தூக்கம் வருகிறது என்றான். நான் திரும்பி வந்தபோது அவனும் இல்லை, அவன் சைக்கிளும் இல்லை.

மார்ச் 5, செவ்வாய்

பின் டயரை மாற்றச் சொல்லி குருவி தன் சைக்கிளை என் ரிப்பேர் கடையில் விட்டுவிட்டுப் போனாள். முட்டி வலிக்காரி படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள்.

டயரைக் கழற்றினேன். பக்கவாட்டில் விரல் நீளத்துக்குக் கிழிசல். டியூப் அதன் வழியே பிதுங்காமல் இருக்க, காலி டூத்பேஸ்ட் டியூபை வெட்டி உள்ளே அண்டக் கொடுத்திருந்தது. பாதையில் கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றும் வேலை, நானும் செய்வேன். ஆனால் இதில் நாலு மூலையும் வட்டமாக நறுக்கியிருந்தது, முனை குத்திவிடக் கூடாதென்று. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. குருவிக்கோ காற்றடிக்கவே ஆள் வேண்டும். இப்படி நறுக்குகிற ஒருத்தனைத்தான் எனக்குத் தெரியும். முகர்ந்து பார்த்தேன். கிராம்பு. அம்மாவைத் தவிர யாருக்கும் பிடிக்காத எங்கள் வீட்டு பேஸ்ட்.

என் தம்பி.

காதலோ என்றுதான் முதலில் நினைத்தேன். காதலாகவே இருந்து தொலையட்டும் என்று இப்போது வேண்டிக்கொள்கிறேன்.

மார்ச் 6, புதன்

சாப்பிடும்போது அந்தத் துண்டை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இது என்னடா?"

தலையை நிமிர்த்தவே இல்லை. "பந்தயத்துல உன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டாச்சுக்கா. போன மாசமே."

போன மாசமே! போன மாசம் முழுக்க நான் அவள் முட்டிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டா?"

"வழியில நிக்கிறவங்களுக்கெல்லாம் நீ இறங்கி ரிப்பேர் பண்றியாம். அதுலதான் போன தடவை மேடை போச்சுன்னு அவ சொல்றா."

"நீ என்ன சொன்ன?"

ரசம் ஊற்றச் சொல்கிற மாதிரி தட்டை மட்டும் நகர்த்தினான். கூடவே இருந்து குழி பறிச்சிருக்காங்க, ரெண்டு பேரும். ஒருத்தி சிநேகிதி, ஒருத்தன் கூடப் பிறந்தவன் — யார் மேல கோபப்படறதுன்னு கூடத் தெரியல.

மார்ச் 7, வியாழன்

குருவி சைக்கிளை எடுக்க வந்தாள். "நாங்களே சொல்லலாம்னுதான்டி இருந்தோம்." நாங்களாம்! போன வருடம் வரை அந்த நாங்களில் நானும் இருந்தேன்.

கிழிந்த டயரையே திருப்பி மாட்டிவிடலாமா என்று காலையில் தோன்றியது. தோன்றாமல் இருக்க நான் என்ன மரமா? மாட்டவில்லை. புதியதுதான் போட்டிருந்தேன். அவள் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு "சூப்பர்" என்றாள். வெட்கங்கெட்டவள்.

மார்ச் 10, ஞாயிறு

"தம்பிதானே, விட்டுக் கொடேன்" என்கிறாள் அம்மா. பிடுங்கிக்கிட்டுப் போன பிறகு விட்டுக்கொடுக்க என்ன இருக்கு?

மார்ச் 17, ஞாயிறு

பந்தய நாள். கடையில் உட்கார்ந்திருந்தேன். தம்பி போன் செய்தான், மூச்சு வாங்க.

"அக்கா, கல்லுல மோதி பின்னாடி கியர் முறிஞ்சுபோச்சு. செயினைக் குட்டையாக்கி ஒரே பல்சக்கரத்துல போட்டுப் பாத்துட்டேன், நழுவிக்கிட்டே இருக்கு. எதுல போடணும்? சீக்கிரம் சொல்லு."

முன் பல்சக்கரத்துக்கு நேராக இருப்பதில் போட்டால் நிற்கும். ஒரு வரி. வாய் வரை வந்துவிட்டது.

"வெளியாள் உதவி கூடாதுன்னு விதி இருக்கே" என்றேன்.

"நீ என்னக்கா வெளியாளா?"

"ஆக்கினது யாரு?"

பின்னாலிருந்து குருவி, "வைடா போனை, நேரம் போகுது" என்று கத்தினாள். வைத்துவிட்டான்.

விதியை மதித்தேன் என்று இங்கே எழுதிக்கொள்ளலாம். பொய். வயிற்றெரிச்சல்தான். ஓட்டுறதுக்கு நான் வேண்டாம், ரிப்பேருக்கு மட்டும் அக்கா வேணுமா?

மார்ச் 18, திங்கள்

தள்ளிக்கொண்டே இறங்கினார்களாம். கடைசி. தம்பிக்குக் காலெல்லாம் கொப்புளம். களிம்பை அவன் கட்டில் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 29, வெள்ளி

அடுத்த பந்தயத்துக்குக் குருவி வேறு ஆளோடு பதிந்துவிட்டாள். தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைக்கு வந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அவனுக்கே தெரிந்தது.

"என்னையும் கழட்டி விட்டுட்டாக்கா" என்றான். நல்லா வேணும் உனக்கு என்று சொல்லக் கூடாதென்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மலைப்பாதைக்குக் கிளம்பினேன். கூப்பிடவில்லை, பின்னாலேயே வந்தான். ஏற்றத்தில் என் பின் சக்கரத்துக் கம்பி ஒன்று பட்டென்று அறுந்தது. அவன் இறங்கிக் குனிந்தான்.

"நீ போ. நான் பாத்துக்கறேன்."

"இருக்கேனேக்கா."

"போன்னு சொல்றேன்ல."

போனான். அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் முறுக்கி வைத்து, சக்கரம் எங்கும் உரசாமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாக ஏறினேன். வளைவுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் பாட்டிலை நீட்டினான். நான் நிற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவன் சக்கரச் சத்தம் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. இறக்கம் வந்ததும் வேகமாக விட்டு அவனை எங்கேயோ தொலைத்திருக்கலாம். விடவில்லை.