ஆடிக் கிருத்திகையில் நின்ற கிரைண்டர்

திருத்தணி,
ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், 1974

அன்புள்ள பாவாவுக்கு,

உங்கள் மனைவி தமயந்தி நமஸ்காரத்துடன் எழுதுவது. நானும் அத்தையும் சௌக்கியம். கோயம்புத்தூர் மெஸ் சாப்பாட்டில் நீங்கள் இளைத்துப்போயிருப்பீர்கள் என்று அத்தைக்குத் தினமும் கவலை. போன மாதம் வந்தபோது உங்கள் சட்டைப் பித்தான் வயிற்றில் பூட்ட எட்டாததை நான் அவரிடம் சொல்லவில்லை.

கடிதம் கிடைத்தது. இத்தனை வருஷமாகக் கிரைண்டர் கம்பெனியில் உங்களுக்கு ஒரே வேலை. வார்ப்பு எப்போது வரும், மோட்டார் எப்போது வரும் என்று ஒவ்வொரு பிரிவாகப் போய்த் தேதி கேட்பது. உங்களைக் கண்டாலே எல்லாரும் ஒளிந்துகொள்வார்கள் என்று நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள். இப்போது முதலாளி உங்களைப் புராஜக்ட் மேனேஜர் ஆக்கி, இனித் தேதி கேட்டால் போதாது, சாமான் வீட்டில் ஒழுங்காக ஓடுமா என்பதற்கும் நீதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டாராமே. புதுச் சின்ன கிரைண்டரைத் தீபாவளிக்குக் கடைக்கு அனுப்பலாமா என்று வெள்ளிக்கிழமை நீங்கள் சொல்ல வேண்டும், தப்பினால் பதவி போய்விடும் என்று எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் அனுப்பிய சின்ன கிரைண்டரை ஓட்டிப் பார்த்தேன். முதலில் நல்லதைச் சொல்கிறேன். இட்லி பூவாக வந்தது. அடுத்த வீட்டு ஜெயம்மா தன் வீட்டு அடுப்பை மறந்து இங்கேயே உட்கார்ந்திருந்தாள். பெருமையில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

நேற்று, என் சித்தப்பா பெருமாள் அம்மையார்குப்பத்திலிருந்து காவடிக் கூட்டத்தோடு வந்துவிட்டார். மலையிறங்கி வந்தால் வழக்கம்போல நம் வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பாடு. சாயங்காலம் உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. மலையில் விளக்குகளைப் போட்டார்கள். ஊரெல்லாம் கரண்ட் மங்கி, கிரைண்டர் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. அணைத்துப் போட்டாலும் முனகல்தான். அதற்குள் கூட்டம் பசியோடு இறங்கி வந்துவிட்டது. சித்தப்பா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, மாப்ள மிஷினும் விரதம் இருக்குதா" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அத்தைதான் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து, "பாரத்தைக் கொறைச்சுப் பாருங்கடி" என்றார். நானும் ஜெயம்மாவும் மாவுக்குள் கைவிட்டுக் குழவியைத் தூக்கிப் பிடித்தோம். சித்தப்பா சுவிட்சைப் போட்டார். தொட்டி சுற்றியது. மெல்லக் குழவியை இறக்கினோம், நிற்காமல் ஓடியது. காவடிக் கூட்டம் மொத்தமும் கிரைண்டரைப் பார்த்து "அரோகரா" என்று குரல் கொடுத்தது. தெருவே சிரித்தது. வடைக்குக் குறைவில்லை.

ஆனால் பாவா, இறக்கும்போது குழவி வழுக்கி, ஜெயம்மாவின் விரல் நூலிழையில் தப்பியது. தனியாக இருக்கிறவள் என்ன செய்வாள்? குழவியை ஒரு கையால் உயர்த்த ஒரு பிடி வையுங்கள். கம்பெனியில் கரண்ட் சீராக வருகிறது. திருவிழா நாளில் எந்த ஊரில் அப்படி வருகிறது?

அதனால் தீபாவளிக்கு வேண்டாம், பொங்கலுக்கு அனுப்பலாம் என்று வெள்ளிக்கிழமை தைரியமாகச் சொல்லிவிடுங்கள். முதலாளி கோபித்தால் கோபிக்கட்டும். தெரிந்தே அனுப்பினால் உங்களுக்குத் தூக்கம் வராது. உங்களைத் தேதி கேட்கிறவராகவே கட்டிக்கொண்டவள் நான், பதவி போனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கிரைண்டரை லாரியில் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். அனுப்பமாட்டேன். முதலாளியிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கே ரயிலேறி நீங்களே வந்து எடுத்துப்போங்கள். அதைக் கட்டி வைக்க எனக்கு நாலைந்து நாளாவது ஆகும், அதுவரை நீங்கள் இங்கே இருக்க வேண்டியிருக்கும்.

உங்கள் வாக்கில் முருகன் இருக்கட்டும்.

உங்கள்
தமயந்தி