கழன்று வந்த கேப்

அன்புள்ள அம்மாவுக்கு, சசிகலா வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி குறைந்ததா?

போளூரில் என் கடைவாய்ப்பல்லுக்குப் போட்ட தற்காலிக கேப், நேற்று களி சாப்பிடும்போது கழன்றுவிட்டது. நிரந்தர கேப் மாட்ட இரண்டு வாரத்தில் வரச் சொன்னார்கள், ஐந்து வாரமாகிறது. இந்த மலைப்பள்ளி விடுதிக்கு என்னைத் தவிர வேறு காப்பாளர் இல்லாததால் மலையை விட்டு இறங்க முடியவில்லை. மூன்று முறை விடுப்புக் கேட்டும் கிடைக்கவில்லை.

டாக்டரிடம் போனில் கேட்டேன். "லேட்டானா பல்லு நகந்துடுங்க, செஞ்சு வச்ச கேப்பு சேராது" என்றார்.

சமையல்கார ராணியம்மாள், "இன்னா டீச்சர், நீங்க போய்ட்டா புள்ளைங்கள யாரு பாக்கறது?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கழன்றதையே பற்பசை தடவி மாட்டியிருக்கிறேன். வலியில்லை.

சத்துமாவு பார்சலில் அனுப்புங்கள். போன் செய்யாதீர்கள், என் குரலைக் கேட்டால் கிளம்பி வந்துவிடுவீர்கள். பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் சசி