வலது கண் சொல்லும் சட்டை

மார்ச் 3, செவ்வாய்

வலது கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்திருக்கிறது. சொன்னவர் கண் மருத்துவர், இன்று காலை, கட்டைப் பிரித்த பிறகு. இடது கண்ணில் புரை அப்படியே இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் சாத்தி வைத்திருந்த படத்தைப் பார்த்தேன். என் வீட்டுக்காரருடைய உருவப்படம். சின்ன வயதில் யாரிடமும் கற்காமல் வரைந்துகொண்டிருந்தவள், நிருபர் வேலைக்குப் போனதும் தூரிகையை விட்டுவிட்டேன். ஓய்வு பெற்றபின் வரைந்து முடித்த முதல் படம் இது. நூலகக் கண்காட்சிக்குக் கேட்டிருக்கிறார்கள்.

படத்தில் சட்டை கறுப்பு. அதே சட்டையோடு பக்கத்தில் நின்றார் இவர். அது கருநீலம்.

மார்ச் 4

புரை விழுந்த கண்ணால் வரைந்தபோது கறுப்பும் கருநீலமும் எனக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கின்றன. வெள்ளை என்று நான் எடுத்த வண்ணமும் இளமஞ்சள்தான். வண்ணக்குழாயின் மேல் பெயர் இருக்கிறது, படிக்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்தவள், என் கண்ணைப் பற்றி மட்டும் யாரையும் கேட்கவில்லை.

"படத்துல மஞ்சக்காமாலை வந்தவன் மாதிரி இருக்கேன்னு அப்பவே சொன்னேன். கிண்டல் பண்றேன்னு நெனச்சுட்ட," என்றார் இவர்.

அப்படித்தான் நினைத்தேன்.

மார்ச் 6

வலது கண்ணை நம்பிச் சட்டையின் ஒரு கையை நீலமாக்கினேன். கை சரியாகிவிட்டது. ஆனால் முகம்? யாரோ போல இருக்கிறது. உள்ளங்கையால் வலது கண்ணை மூடினால் மனுஷர் திரும்பி வருகிறார். எடுத்தால் போய்விடுகிறார். என்ன கூத்து இது? எந்தக் கண்ணை நம்பறது?

மார்ச் 7

தூரிகையைத் தொடவில்லை.

மார்ச் 9

படத்தை எடுத்துப்போக நூலகர் வந்தார். ஒரு கை நீலம், ஒரு கை கறுப்பு. வெகுநேரம் பார்த்துவிட்டு, "வேணும்னே இப்படிப் பண்ணீங்களாக்கா?" என்றார்.

"தெரியலம்மா."

வேலையில் இருந்தவரை நான் யாருக்கும் சொல்லாத பதில். வெள்ளிக்கிழமைவரை பொறுப்பதாகச் சொல்லிப் போனார்.

மார்ச் 11, புதன்

வலது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, சின்னப் பலகையில் இவர் முகத்தை மட்டும் இன்னொரு தடவை வரைந்தேன். இந்தப் பழைய கண்ணுக்கு இதுதான் கடைசி வேலை. குழாய்களின் பெயரை இன்றும் படிக்கவில்லை, வேண்டுமென்றேதான். இவர் காலை முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"எது நான்னு முடிவானதும் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு," என்றார் எழுந்திருக்கும்போது.

நாளைக் காலை இடது கண். வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிப்பார்கள். எந்தப் படம் என்று அன்று மாலைக்குள் நூலகருக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டும் கூடத்தில் அடுத்தடுத்துச் சாத்தியிருக்கின்றன.