சாமிக்குச் சாத்திய சேலை

வாழை இலையில் மடித்துக் கொடுத்த சர்க்கரைப் பொங்கல் மேசைமேல் இருக்கிறது. நெய் கசிந்து இலை பளபளக்கிறது. அறை முழுக்க ஏலக்காய் வாசம். இன்று உங்கள் வீட்டில் உங்களுக்குச் சேலை சாத்தினார்கள், சித்தி. தெருவே வந்து கும்பிட்டது. நானும் போயிருந்தேன். இந்தப் பொங்கலைத் தின்ன மனசு வரவில்லை.

பொட்டும் பூவுமாகச் செத்த பெண் வீட்டுத் தெய்வம் ஆகிவிடுவாள் என்பது நம் தெருவின் கணக்கு. வருடத்துக்கு ஒருமுறை அவள் படத்துக்கு முன்னால் புதுச்சேலை வைத்துப் பொங்கலிடுவார்கள். பிறகு அந்தச் சேலையை வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்திக்கொள்வாள். நீங்கள் அமாவாசைக் குளியலுக்குப் போன இடத்தில் கடல் இழுத்துக்கொண்டது என்று சித்தப்பா அழுதுகொண்டு திரும்பியபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். உடல் கிடைக்கவில்லை என்றார்கள். உங்கள் கருமாதிப் பந்தியில் உட்கார்ந்து நான் இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு எழுபத்திரண்டாம் வருடக் கோடை. பட்டம் வாங்கியிருந்தேன், வேலை இல்லை. தெருவில் எவன் முகத்தைப் பார்த்தாலும் எரிச்சல். சைக்கிளில் ஒரு தார்ப்பாய், ஒரு போர்வை, ஒரு அலுமினியச் சட்டியைக் கட்டிக்கொண்டு பெருநாழி, சாயல்குடி வழியாகக் கடலுக்குப் போய்விட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரையோரமாகவே நடந்து, இருட்டுகிற இடத்தில் தார்ப்பாயைப் பனைமரத்தில் கட்டிப் படுப்பது என்று திட்டம். கடற்கரை அழகு, அலைகளின் தாலாட்டு என்றெல்லாம் வாரப்பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் ஒருநாளாவது அங்கே காலை நேரத்தில் நடந்து பார்க்க வேண்டும். நீலம் என்னவோ நீலம்தான். ஊரே வெளிக்கு ஒதுங்குகிற மணலில் காலை எங்கே வைப்பது என்றுதான் தெரியாது.

வழியில் பார்த்தவர்கள் எல்லோருக்கும் என்னிடம் ஒரே கேள்விதான் இருந்தது. பனையேறி ஒருவர் பதநீரைப் பட்டையில் ஊற்றப்போனவர் கையை நிறுத்தி, "தம்பி என்ன ஆளுக?" என்றார். பதில் பிடித்திருந்ததால் ஊற்றினார். பிடிக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டேன். "வெயில்ல ரொம்ப அலையாதீக தம்பி" என்றார். சிலோன் சரக்குக் கடத்துகிறவன் என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் என் சட்டியை மோந்து பார்த்தார். வீட்டில் கோபித்துக்கொண்டு ஓடிவந்தவன் என்று நினைத்து ஒரு கிழவர் புத்தி சொன்னார். தனியாக ஒருவன் சும்மா நடக்கலாம் என்பது அந்தக் கரையில் எவருக்கும் நம்பத்தகுந்த விஷயமாக இல்லை.

மூக்கையூருக்கு அந்தப் பக்கம், கருவாடு காயப்போட்டிருந்த மணலைத் தாண்டி, ஒற்றைக் குடிசை. தண்ணீர் கேட்கலாம் என்று போனேன். வாசலில் சாக்கைப் போர்த்தியதுபோல ஒரு பெண். புருவம் இல்லை, மூக்குத்தண்டு உள்ளே போயிருந்தது, விரல்கள் பாதிதான் இருந்தன. என்மேல் பாய்ந்த நாயை நீங்கள் அதட்டினீர்கள். நம் தறிக்காரத் தெருவில் வீட்டுக்குள் பேசுகிற கன்னடத்தில் அதட்டினீர்கள். அந்தக் கரையில் அந்தப் பாஷைக்கு வேலையே இல்லை. நான் அதே பாஷையில் தண்ணீர் கேட்டேன். நீங்கள் எழுந்து உள்ளே போய் ஓலைப் படலைச் சாத்திக்கொண்டீர்கள்.

நான் போகாமல் பக்கத்திலேயே தார்ப்பாயைக் கட்டினேன். விடிந்ததும் உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது.

"ஏலே, நீ மூணாவது வீட்டுப் பயதான? ஒன் அப்பன் மாதிரியே காத அகட்டிக்கிட்டு நிக்கிறியே."

குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். "சித்தி, நீங்க செத்துட்டீங்க" என்று உளறினேன். "கருமாதிக்கு நான் வந்தேன்."

"வந்தியா? பாயசத்துல முந்திரி போட்டாகளா?"

"இல்ல."

"போட மாட்டாக. எனக்குத் தெரியும்." படலைத் திறந்துகொண்டு வெளியே வந்தீர்கள். "உக்காரு. அந்தப் பக்கம் உக்காராத, மிதிச்சிருவ."

அன்று நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பெருவியாதின்னு தெரிஞ்சா எம் பொண்ணுக ரெண்டையும் எவன் கட்டுவான்? அவுகதான் சொன்னாக, நானும் சரின்னேன். என்னைய இங்க விட்டுட்டு, நான் கட்டியிருந்த சேலைய ஊருக்குக் காட்ட நனைச்சுத் தோள்ல போட்டுக்கிட்டு பஸ்ஸு ஏறுனாக. அமாவாசைக்கு அமாவாசை வாரேன்னாக. ரெண்டு அமாவாசை வந்தாக." கன்னியாஸ்திரிகள் கொடுத்த மாத்திரையில் நோய் எப்போதோ நின்றுவிட்டது என்றீர்கள். "வெரலுதான் மொளைக்கல" என்று சிரித்தீர்கள்.

உங்களை வீட்டில் சாமியாகக் கும்பிடுவது உங்களுக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன். உங்கள் நாத்தனார்மேல் நீங்கள் இறங்கி வருடா வருடம் குறி சொல்வதையும் சொன்னேன்.

"யாரு, அவளா? நான் இருந்தப்போ என்னைய ஒரு வார்த்த பேச விட்டதில்ல. இப்ப எனக்கும் சேத்துப் பேசுறாளா?" மூச்சு முட்டச் சிரித்தீர்கள். பிறகு, "எனக்குன்னு சாத்துற சேலைல ஒண்ணு கொண்டாந்து குடுடா" என்றீர்கள்.

நான் அடுத்த தடவை வரும்போது ஒரு நல்ல சேலையை வாங்கி வந்தேன். நீங்கள் தொடக்கூட இல்லை. "ஒன் சேலை எனக்கெதுக்கு? அது எனக்குன்னு வச்சது. என் வீட்டுல என் பேரச் சொல்லி வச்சது. அது வேணும்."

சித்தப்பாவிடம் போனேன். தறிக்குழியில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கால் மிதி நின்றது. நூல் ஓட்டுகிற நாடாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "சாமிக்குச் சாத்துனது வீட்டுப் பொண்ணுகளத் தாண்டி வெளிய போகக் கூடாது தம்பி. குத்தமாயிரும்" என்றார்.

"சாமி கருவாட்டு நாத்தத்துக்கு நடுவுல உக்காந்து கேக்குது சித்தப்பா."

"வாய அடக்கு. அவ எங்களக் காப்பாத்திக்கிட்டிருக்கா. மூத்தவளுக்குப் புள்ள குடுத்தது யாரு? அவதான்."

அவர் நடித்திருந்தால் அங்கேயே காறித் துப்பியிருப்பேன். அவர் நடிக்கவில்லை. பஸ் ஏறி இறங்கினால் பார்க்கக்கூடிய மனைவியை விட்டுவிட்டு, கண்ணாடி போட்ட படத்துக்குள் இருக்கும் மனைவியைக் கண்ணீரோடு நம்பினார். பொய்யர்களைத் திட்டி எனக்குப் பழக்கம். தானே சொன்ன பொய்க்குத் தானே சூடம் காட்டுகிறவனை என்ன சொல்லித் திட்டுவது?

உங்கள் இளையவளைத் திருச்சுழியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த வருடச் சேலை அவளுக்குத்தான் போயிருந்தது. நம் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் அவளைத் தற்செயலாகப் பார்த்தேன். பின் சீட்டில் உட்கார்ந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிறமாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திரும்பவே இல்லை. கழுத்து மட்டும் வேர்த்தது.

"எங்கம்மா சாமிண்ணே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எம் மாமியாருக்குத் தெரிஞ்சா என்னையும் சட்டையக் கழட்டி உடம்பு பூராத் தேமல் தேடுவாக. நீங்க எறங்கிருங்க" என்றாள். வெயிலில் நடுவழியில் இறங்கி நடந்தேன். அவளையும் சபித்துக்கொண்டே நடந்தேன்.

பத்து நாள் கழித்து அவளே வந்தாள். மஞ்சள் பையை என் கையில் திணித்தாள். "கேட்டா எலி கடிச்சிருச்சுன்னு சொல்லிக்கிறேன்" என்றாள். உங்களைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவளுக்கு அப்போது ஐந்து மாதம்.

அந்தப் பையை உங்களிடம் கொடுத்த காலைப்பொழுது எனக்கு அப்படியே இருக்கிறது. முகத்தில் வைத்து மோந்தீர்கள். மஞ்சளும் சாம்பிராணியும் இன்னும் போகாமல் இருந்தன. அவசரமே இல்லாமல், பாதி விரல்களால் மடிப்பு மடிப்பாகப் பிரித்தீர்கள். முந்தானையை வெயிலுக்கு எதிரே பிடித்தீர்கள். உங்கள் முகம் மாறியது.

"இங்க பாரு."

பார்த்தேன். நானும் தறிவீட்டுப் பிள்ளைதான். ஒரு முழத்துக்கு இழை விட்டுப்போயிருந்தது. சேலைக் கரையில் சாயம் பாதியில் வேறாகியிருந்தது.

"கடைக்காரன் திருப்பி அனுப்புன சேலைடா இது" என்றீர்கள். "விக்காதத எடுத்து வச்சிருக்காக. சாமியானாலும் எனக்குக் கழிசல்தான்."

இன்றைக்கே போய்த் தெருவில் நின்று கத்துகிறேன் என்று எழுந்தேன். "உக்காரு" என்று அதட்டினீர்கள், நாயை அதட்டிய அதே குரலில். "எளையவ வயித்துல புள்ளன்னியே. நீ கத்துனா அவளத்தான் மொதல்ல வெளிய தள்ளுவாக. நான் எதுக்கு இங்க வந்து கெடக்கேன்?" பிறகு பல்லால் ஓரத்தைக் கடித்து, சேலையை நீளநீளமாகக் கிழித்தீர்கள். கால் புண்ணைச் சுற்றிக்கொண்டீர்கள். "பழகுன நூலு. புண்ணுக்கு எதமா இருக்கு."

அதற்குப் பிறகு நாலு வருடம். நான் வருகிறபோதெல்லாம் தெருக்கதை கேட்டீர்கள், நாத்தனார் இந்த வருடம் என்ன சொன்னாள் என்று கேட்டுச் சிரித்தீர்கள். போன மாதம் வந்தேன். குடிசையில் படல் இல்லை. மீன்காரி அந்தோணியம்மாள் தூரத்தில் நின்றே சொன்னாள்: "போயிட்டாகய்யா. மூணு நாளு காய்ச்சல்." உங்களுக்குத் தினமும் மீனை இலையில் வைத்துத் தள்ளி நின்று எறிந்தவள் அவள்தான். கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். வெளியே உடைமரத்தடியில் புதைத்திருக்கிறார்கள். எல்லா ஊரும் ஒரே ஊர்தான், சித்தி.

இன்று உங்கள் நாத்தனார் தலையை விரித்துப்போட்டு ஆடினார். "நான் குளுந்திருக்கேன்! எனக்கு ஒரு கொறையும் இல்ல!" என்று உங்கள் பேரில் கத்தினார். சித்தப்பா தரையில் விழுந்தார். நான் வாயைத் திறந்திருப்பேன். கூடத்தில் இளையவளின் மாமியார் உட்கார்ந்திருந்தார். உங்கள் அதட்டல் ஞாபகம் வந்தது. கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

இடுப்பில் பிள்ளையோடு அவள் பின்னாலேயே வந்தாள். பஸ்ஸில் பேசிய பிறகு உங்களைப் பற்றி அவள் வாயைத் திறந்தது இன்றுதான்.

"நல்லா இருக்காகளாண்ணே?"

"போன மாசம் போயிட்டாகம்மா."

பிள்ளையை என் கையில் கொடுத்தாள். கிணற்றில் ஒரு வாளி இறைத்தாள். கட்டியிருந்த புதுச்சேலையோடு, வைத்திருந்த பூவோடு, அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டாள். சாவுச்செய்தி கேட்டவர்கள் செய்கிற முழுக்கு. உள்ளேயிருந்து உங்கள் நாத்தனாரின் குரல் வந்தது, சாமி இறங்கிப்போன சொந்தக் குரல்: "ஏண்டி, விடியக்காலந்தான தலைக்கு ஊத்துன?"

"புழுக்கமா இருக்கு அத்தே" என்றாள் உங்கள் மகள்.

பிள்ளையை வாங்கிக்கொண்டு, சொட்டச் சொட்டப் பந்திக்குப் போய்ப் பரிமாறினாள். தீட்டு என்று ஒன்று இருக்குமானால் அந்தக் கூடத்தில் அது அவளுக்கு மட்டும்தான் இருந்தது. அவள் கையால் அத்தனை பேரும் வாங்கிச் சாப்பிட்டார்கள். இந்தத் தெருவின்மேல் எனக்குள்ள அருவருப்பு கொஞ்சமும் குறையவில்லை, குறையப்போவதும் இல்லை. ஆனால் அந்த ஒரு வாளித் தண்ணீர் கல்லில் விழுந்த சத்தம் காதிலேயே நிற்கிறது, சித்தி. உங்களுக்காக இந்த ஊரில் நடந்த ஒரே சாவுக்காரியம் அது. அதற்கு நான் ஒருவன்தான் சாட்சி.