தட்டு வெளியே, நீங்கள் உள்ளே

நேற்று மில்லிக்கன் பக்கத்துக் கடையொன்றில், பாஸ்கா முடிந்து மிஞ்சிப்போன மட்சாப் பெட்டிகளை மலிவு விலைக்குக் குவித்து வைத்திருந்தார்கள். பாஸ்கா நாட்களில் யூதர்கள் பாணுக்குப் பதிலாகச் சாப்பிடும், பொங்காத மெல்லிய ரொட்டி. அதைக் கண்டதும் நான் தனியே நின்று சிரித்தேன். பக்கத்தில் நின்ற பெண் ஒரு மாதிரிப் பார்த்தாள். எல்லாம் உன்னால் வந்த வினையடி, சிநேகிதி.

பல வருடங்களுக்கு முன் ஒருநாள், உன் கோயிலில் நடந்த விவிலிய வகுப்பிலிருந்து முகம் வாடி வந்தாய். முதற் சீடர்கள் தங்களை யூதர்கள் என்றே நினைத்திருந்தார்கள், அதே ஆலயம், அதே ஓய்வுநாள், அதே பாஸ்கா, புதுச் சமயம் தொடங்கியதாக அவர்களுக்கு நெடுநாள் தோன்றவேயில்லை என்று சுவாமியார் சொல்லியிருந்தார். உனக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

"அப்ப நாங்கள் ஆரடி? அவையின்ர வீட்டிலை வாடகைக்கு இருக்கிற ஆக்களோ?"

"சைவக்காரியிட்டைக் கேக்கிற கேள்வியே உது?" என்று தேத்தண்ணியை நீட்டினேன். வழக்கமாக என் நக்கலுக்குச் சிரிப்பவள், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அதற்குள் பாஸ்கா வந்தது. டோர்செட் பார்க்கில் உன் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்த யூத அன்ரி நம் இருவரையும் விருந்துக்குக் கூப்பிட்டார். வெறுங்கையோடு போவதா என்று நீ அப்பம் சுட்டாய். விவிலியத்தில் 'புளிப்பற்ற அப்பம்' என்றுதானே இருக்கிறது, அதனால் மாவைப் புளிக்கவிடாமல் கெட்டித்தனமாகச் செய்தாயாம். வாசலில் அன்ரி எப்படிச் செய்தது என்று கேட்டார். "புளிக்க விடேல்லை அன்ரி. ஈஸ்ற் போட்டுக் கெதியாய்ப் பொங்க வைச்சனான்" என்று பெருமையாக நீ சொல்ல, நான் அதை இங்கிலிஷில் சொல்லி முடித்தேன்.

பாஸ்காவுக்கு அந்த வீட்டுக்குள் வரவே கூடாத சாமான் ஈஸ்ற் போட்டுப் பொங்கினதுதான். அன்ரி கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். "தட்டு வெளியே, நீங்கள் உள்ளே" என்றார்.

மேசையில் நீ விறைத்துப்போய் இருந்தாய். அன்ரி பாட, 'அல்லேலூயா' என்ற சொல் வந்ததும் உன் வாயும் தானாகத் திறந்தது. எனக்குத்தான் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சாப்பாடு முடிந்ததும், எலியா இறைவாக்கினர் வருவார் என்று கதவைத் திறக்கும் வழக்கம் இருக்கிறது என்று விளக்கிய அன்ரி, "நீ போய்த் திற" என்று உன்னை அனுப்பினார்.

திறந்தாய். வாசலுக்கு வெளியே வைத்திருந்த தட்டில் ஒரு அப்பம்கூட மிச்சமில்லை.

"அன்ரி, எலியா வந்து சாப்பிட்டிட்டுப் போட்டார்" என்றாய். அன்ரி நாற்காலியிலிருந்து விழாத குறை. அந்த மாடியில் பாதி வீடுகளில் நம் தமிழ்ச் சனம் என்பதை நாம் இருவரும் சொல்லவேயில்லை.

லிஃப்டில் இறங்கும்போது உன் முகம் பளிச்சென்றிருந்தது. "வாடகை ஆக்களைக் கதவு திறக்கச் சொல்லுறேல்லையடி. வீட்டு ஆளைத்தான் சொல்லுறது."

அதன்பிறகு எந்த வருடமும் கதவு உன் பொறுப்புத்தான். இந்த வருடம் நீ இல்லை. நான் ஈஸ்ற் போட்டு அப்பம் சுட்டுத் தட்டை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனேன். நேரம் வந்ததும் அன்ரி உன் நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ போய்த் திற" என்றார்.